ஓரெழுத்து வேற்றுமை

முதலில் பூ வாடும்.
பிறகு சீப்பில் இரண்டு மூன்று காய்கள் மட்டும்
அவசரப்பட்டு மஞ்சளாகும்.
தண்டை வெட்டினால்
நீர் கசியும் இடத்தில் சீழ் கசியும்.
மித்தியானாவில் இதைக் கிவொட்டோக்கா என்கிறார்கள்.
சொல்லும்போதே வாய் தளர்கிறது.

எங்கள் உறைபெட்டியில் அதற்கு வேறு பெயர்.
கண்ணாடிக் குப்பி, பழுப்பேறிய காகிதம்,
யாரோ தட்டச்சு செய்த லத்தீன்.
முட்டைக்கோசைக் கருக்கும் கூட்டத்தோடு
இதையும் சேர்த்து வைத்திருந்தார்கள்.
நிறம் மஞ்சள். தொட்டால் சளியாய் இழுபடும். வால் ஒன்று.
அந்தக் காலத்தில் கேட்க முடிந்தது அவ்வளவுதான்.
எந்தச் செடியில் பிடிபட்டதோ அதைக் கடைசியில் ஒட்டினார்கள்,
பிடிபட்ட ஊரைச் சொல்லித் திருடனைக் கூப்பிடுவதுபோல.

கபுயே டிஎன்ஏவைப் பிரித்தெடுத்தான்.
நான் ஒப்பிட்டேன்.
நாற்பத்தெட்டு லட்சம் எழுத்து,
நாலே எழுத்தை வைத்து எழுதியது.
புள்ளியில்லை, மூச்சுவிட இடமில்லை.
துண்டுதுண்டாக்கி ஒன்றின்மேல் ஒன்று வைத்து
பொருந்துகிறதா, பொருந்துகிறதா என்று
மடிக்கணினி இரவெல்லாம் முனகியது.
இரண்டு மணிக்கு மின்சாரம் போனது.
ஜெனரேட்டருக்கு டீசல் ஊற்ற ஓடிய கபுயே
ஒற்றைச் செருப்போடு திரும்பி வந்தான்.

விடியும்போது எண்கள்.
ஓரினம் என்று சொல்லத் தொண்ணூற்றைந்தாவது வேண்டும்.
முட்டைக்கோசுக் கூட்டத்தோடு தொண்ணூறுகூட இல்லை.
சோளத்தையும் கரும்பையும் பிடிக்கும் கூட்டத்தோடு
தொண்ணூற்றெட்டுக்கு மேல்.
இத்தனை வருடம் தப்பான பந்தியில்
இலைபோட்டு உட்காரவைத்திருக்கிறோம்.
பழைய சீட்டைக் கிழிக்க மனமில்லை,
அதன்மேலேயே புதியதை ஒட்டினேன்.

நலுமான்சி மரவள்ளி உரித்துக்கொண்டிருந்தாள்.
பின்னால், தோட்டம் இருந்த இடத்தில்
இருநூற்றுப் பதினான்கு அடித்தண்டுகள்.
அத்தனையும் அவளே வெட்டியவை.
"பெயரை மாற்றிவிட்டீர்கள், சரி.
இனிமேல் கூப்பிட்டால் திரும்பிப் பார்க்குமா?"
சிரித்தாள். பிறகு சிரிக்காமல்,
"வெட்டின இடத்தில் மக்காச்சோளம் போட்டிருக்கிறேனே,
உறவுக்காரன் வீடென்று அங்கேயும் வருமா?"
தெரியாது என்றேன்.
இதைச் சொல்லவா பன்னிரண்டு கிலோமீட்டர்
போடாபோடாவில் புழுதி தின்று வந்தேன்?

இன்னொன்று இருந்தது, அறிக்கையில் எழுதாதது.
தாய்க்கும் கன்றுக்கும் எழுத்து மாறாது,
வாழையடி வாழை.
அதைத் தின்னும் இதுவும் அப்படித்தான்.
ஊருக்கு ஊர் நாலைந்து எழுத்து பிசகும்;
அந்தப் பிசகுதான் அதன் கால்தடம்.
நலுமான்சியின் தோட்டத்துக்கும்
ஓடைக்கு அப்பால் அவள் நாத்தனார்
நமுயிகாவின் தோட்டத்துக்கும் இடையே
ஓரெழுத்து.
ஏ இருக்கவேண்டிய இடத்தில் ஜி.

"இரண்டு வீட்டுக்கும் ஒரே கத்தியா?"

உரித்த கை நின்றது.
"மட்டோக்கே மூட இலை அறுக்கக் கேட்டாள். கொடுத்தேன்.
இல்லை, அதற்கு முந்தின வாரம்
நான் கேட்டேன், அவள் கொடுத்தாள்."

யாரிடமிருந்து யாருக்கு என்று ஓரெழுத்து சொல்லாது.
பழைய குப்பிகளோடு வைத்துப் பார்த்தால்
ஒருவேளை சொல்லும்.
நான் வைத்துப் பார்க்கவில்லை.

"நான் கொடுத்ததென்றே எழுதிக்கொள்.
அவளிடம் இன்னும் நாற்பது மரம் நிற்கிறது.
என்னைத் திட்டிக்கொண்டாவது காப்பாற்றட்டும்."

அறிக்கையில் அதற்குக் கட்டம் இல்லை.

அடுப்பில் கிடந்தது அந்தக் கத்தி,
நுனி கருத்து, நடுவில் சிவந்து.
இடுக்கியால் எடுத்தாள். ஆறவிட்டாள்.
பிடியில் துணி சுற்றி என்னிடம் நீட்டினாள்.
"ஓடைக்கு அந்தப் பக்கம்தானே போகிறாய்?
இதை அவளிடம் கொடுத்துவிடு.
சுட்டுத்தான் கொடுத்தேன் என்று சொல்."